தகடு கேட்ட மகனுக்கு

செல்வம்,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீயும் மலரும் சுகம் என்று அறிந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் நிம்மதி. மலருக்கு ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது என்று நீ எழுதியிருந்ததை அம்மா இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குக் கீழே இருந்ததை நான் மனதுக்குள் மட்டும் படித்துக்கொண்டேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் மனை வாங்கிவிட்டாய். தை பிறந்ததும் கடைக்கால் போடப் போகிறாய். ஈசானிய மூலையில் பூமிக்குள் வைப்பதற்கு என் கையால் ஒரு செப்புத் தகடு செதுக்கித் தரவேண்டும். "கடையில் விற்பதெல்லாம் அச்சு போட்டது, உங்கள் கைக்கு ஈடாகுமா அப்பா" என்று வேறு எழுதிவிட்டாய். ஐஸ் வைப்பதற்கு உன் அம்மாவிடம் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாய். பதில் எழுத எனக்கு எட்டு நாள் ஆகிவிட்டது. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்ளாதே. பயம்தான் காரணம். அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "புள்ள ஊடு கட்டப் போறான், நல்லதா நாலு வார்த்த எழுதேன்யா. எதுக்கு எழவு ஊட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி குந்திகினு கீற" என்று கேட்டாள். அவளுக்குப் பாதி கதை தெரியும். மீதியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அப்பா யார் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டூல் ரூமில் இருபத்தாறு வருஷம் மார்க்கிங் வேலை பார்த்தவன். இரும்புத் தகட்டில் நீல மை பூசி, கூர் ஊசியால் கோடு கீறி, எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. நான் கீறிய கோட்டை நம்பித்தான் மற்றவர்கள் மெஷினை ஓட்டுவார்கள். கோடு தப்பினால் சாமான் குப்பைக்குப் போகும். என் கோடு தப்பாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் கை போனது, ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அப்பா பூந்தமல்லிக்கு மேற்கே ஊரான் நிலத்தில் நாற்று நட்டு வயிறு கழுவியவர். அவர் பிள்ளையை மிஞ்சிக் கோடு போட இந்த எஸ்டேட்டில் ஆள் இல்லை என்று மானேஜர் பத்துப் பேர் முன்னால் சொன்ன அன்று என் கால் தரையில் படவில்லை. அந்தத் தலைக்கனம்தான் நான் எழுதப்போகிற எல்லாவற்றுக்கும் வேர்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது கரையான்சாவடிப் பக்கம் ஒரு கோயில் குருக்கள் பழைய தகடு ஒன்றை என்னிடம் காட்டினார். தேய்ந்துபோன செப்புத் தகடு. வெளியே நான்கு வாசல் வைத்த சதுரம், அதற்குள் வட்டங்கள், வட்டத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள், அவற்றுக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒன்பது முக்கோணங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி. "சக்கரம்னு சொல்லுங்கோ, யந்திரம்னு சொல்லுங்கோ, மண்டலம்னு சொல்லுங்கோ, எல்லாம் ஸ்வாமி உக்கார்ற வீட்டோட பிளான்தான். இதே மாதிரி ஒண்ணு போட முடியுமோ?" என்று கேட்டார். பிளான் என்றதும் எனக்குப் பிடித்துப்போனது. பிளான் படிப்பது என் பிழைப்பு. அந்தப் பழைய தகட்டில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டிய பல இடங்களில் கோடுகள் சந்திக்காமல் நழுவிப் போயிருந்தன. அதைப் பார்த்தபோது எனக்குப் பக்தி வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை ஒருவன் ஒழுங்காகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

டூல் ரூமில் எந்த வேலையும் ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். தகட்டின் இரண்டு ஓரங்களை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து நேராக்க வேண்டும். பிறகு எல்லா அளவும் அந்த ஓரங்களிலிருந்துதான். நடுவில் ஆரம்பிக்கிறவனை எங்கள் போர்மன் அடிக்காத குறையாகத் திட்டுவார். எனவே முதலில் வெளிச் சதுரத்தைப் போட்டேன், நான்கு வாசல்களைத் திறந்தேன், பிறகு வட்டம், இதழ், முக்கோணம் என்று உள்ளே போனேன். கவராயத்தின் காலை ஊன்றினால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும் என்று அங்கே ஒரு சின்னத் தகரத் துண்டை ஒட்டிவைத்து அதன்மேல் ஊன்றினேன். கடைசியில் தகரத்தை எடுத்துவிட்டு, பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு, புள்ளி விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செய்ததால் பதினோரு நாள் ஆனது. குருக்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அச்சுல வார்த்தா மாதிரி இருக்கே" என்றார். எந்த வரிசையில் போட்டாய் என்று அவரும் கேட்கவில்லை, எந்த வரிசையில் போடவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அப்போது அம்பத்தூர், ஆவடி, வானகரம் எங்கே பார்த்தாலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. கல் நட்ட இடமெல்லாம் வீடு, வீட்டுக்கெல்லாம் தகடு. குருக்கள் அனுப்புவார், ஆட்கள் செம்பு வாங்கி வருவார்கள், நான் போட்டுக் கொடுப்பேன். வீடுகளுக்கென்று மட்டும் மொத்தம் பதினேழு தகடு.

அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது தோர்ஜே பார்த்தார். ஆவடியிலிருந்து மாதம் ஒருமுறை சாமான்களைப் பரிசோதிக்க ஓர் அதிகாரி வருவார், அவருடைய ஜீப் டிரைவர்தான் தோர்ஜே. லடாக்குக்காரர். ஏழு வருஷம் ஆவடியில் இருந்து தமிழ் கற்றவர் என்பதால் மானேஜரைக்கூட நீ என்றுதான் சொல்வார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ மார்க்கிங், இது நம்ம ஊர் கோயில்ல இருக்குது. மண்டலம். நாங்க மணல்ல போடுது. கலர் மணல். லாமா நாலு பேர் உக்காந்து பத்து நாள் போடுது, மூச்சு கூட மெதுவா வுடுது" என்றார். அப்புறம் இன்னா செய்வாங்க என்று கேட்டேன். "அப்புறம் பூஜை. சாமிய கூப்பிட்டாங்க இல்ல, திரும்பப் போன்னு அனுப்பிடும். அப்புறம் தொடச்சிடும். எல்லா மணலும் ஆத்துல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை எவனாவது அழிப்பானா என்றேன். தோர்ஜே சிரித்தார். "நீ செம்புல ஏன் போடுது? போகாம இருக்கணும்னா? எது போகாம இருக்குது, சொல்லு." மணலில் போடத் தெரிந்தவன் மணலில் போடுவான், செம்பில் போடத் தெரிந்தவன் செம்பில் போடுவான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து தகட்டில் நெற்றியை ஒற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் நெற்றியை ஒற்றிய அந்தத் தகடு, உன் சரசா அத்தை வீட்டுக்கென்று நான் போட்டுக்கொண்டிருந்தது.

சரசா என் ஒரே தங்கை. மாமா ஏகாம்பரம் எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் வெல்டர். அவர்கள் இருவரும் அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே மனை வாங்கினார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஒன்று அங்கே இருந்தது, அதை யாரோ மண் கொட்டித் தூர்த்துக் கல் நட்டு விற்றிருந்தார்கள். எங்கள் வம்சத்தில் சொந்தக் கூரை என்று ஒன்று அதுதான் முதல். கடைக்கால் எடுக்கும் முன் நான் போய்ப் பார்த்தேன். மாமா மண்ணைக் கையில் எடுத்து உருட்டிக் காட்டினார். "மச்சான், மண்ணு ஈரமாவே கீதே. ஊட்ட ரெண்டு அடி ஏத்திக் கட்டலாமா, இன்னா சொல்ற?" என்று கேட்டார். என் பையில் தகடு இருந்தது. அதை எப்போது எடுத்துக் காட்டுவோம் என்பதிலேயே என் மனது இருந்தது. "அதெல்லாம் மேஸ்திரி பாத்துப்பான். ஈசானியத்துல இத வெச்சிட்டா அப்புறம் இன்னா ஓணும்" என்றேன். ஏற்றிக் கட்டவில்லை. ஈசானியத்தில், பூஜை மூலைக்கு அடியில் தகடு இறங்கியது. குடி வந்த நாளிலிருந்து சரசா பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த மூலையைக் காட்டுவாள். மண்ணுக்குள் இருப்பதை எப்படிக் காட்டுவது? சிமெண்டுத் தரையைத் தட்டி, "இதுக்குக் கீழதான் கீது. எங்கண்ணன் போட்டது" என்பாள். தெருவில் அதற்குத் தகடு வீடு என்றே பெயர் வந்துவிட்டது. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது.

நீ எட்டாவது படித்த வருஷத்து மழை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் இல்லை என்று நீ குதித்தாய். மூன்றாம் நாள் காலை நான் அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தெருவில் முழங்கால் தண்ணீர். மாமா சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். "எல்லாரும் ஸ்கூல் கட்டடத்துக்குப் போயிகினு கீறாங்க மச்சான். இவ நவுர மாட்டேங்கிறா. நீ சொன்னாத்தான் கேப்பா" என்றார். வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் குடை பிடித்து நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், "தகடு ஊட்டுக்கே தண்ணி வந்தா நாங்கலாம் எங்க போறது" என்று சிரித்தார். சரசா வாசற்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு அண்ணே. போட்டது நீதான. தண்ணி உள்ள வருமா?"

செல்வம், வாசற்படிக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூன்று விரற்கடைதான் இருந்தது. அளவு பார்த்தே வாழ்ந்தவன் நான், எனக்கு அது ஒரு பார்வையில் தெரிந்தது. மழை விடவில்லை, ஏரி இன்னும் வழியவில்லை, மூன்று விரற்கடை எந்த மூலைக்கு என்றும் தெரிந்தது. கிளம்பு சரசா என்று சொல்ல வேண்டியதுதான், இரண்டே வார்த்தை. ஆனால் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பு என்றால் தகடு பொய் என்று ஆகும், என் கை பொய் என்று ஆகும். "நான் கீறின கோடு மயிரிழை தப்பாது. நீ உள்ள போய் உக்காரு. ஒண்ணும் ஆவாது" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. டீ போட்டுத் தருகிறேன் என்றாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன். அந்த டீயைக் குடித்திருந்தால் இன்னும் கால் மணி நேரம் அங்கே இருந்திருப்பேன், மனம் மாறியிருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மாறியிருக்க மாட்டேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

மறுநாள் ஏரி வழிந்தது. காலை பதினோரு மணி இருக்கும். மாமா அடுத்த வீட்டுக் கிழவி ஒருத்தியை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததைப் பிறகு என்னிடம் சொன்னார். முதலில் வேலி போனது. பிறகு பின்கட்டு. பிறகு சமையற்கட்டுச் சுவரைத் தண்ணீர் அரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது. எதிர் வீட்டு மாடியிலிருந்தவர்கள் கயிறு போடுகிறோம் வா வா என்று கத்தியிருக்கிறார்கள். சரசா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "எங்கண்ணன் உக்காரச் சொல்லிச்சி" என்றாளாம். பூஜை மூலையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அந்த மூலைச் சுவர் விழுந்தது. சுவர் விழுந்து அத்தை செத்தாள் என்பது உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் சுடுகாடு வரை வந்தாய். "அத்தை ஏன்பா வெளிய வரல?" என்று நீ கேட்டதும், "தண்ணி இழுப்பு ஜாஸ்திடா" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறதா? அது பொய். அன்றிலிருந்து இன்றுவரை அதே பொய்யோடுதான் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா வந்தார். தகட்டைத் தோண்டி எடுத்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். "இத நீயே வெச்சிக்க மச்சான்" என்று திண்ணமாகச் சொல்லிவிட்டுத் திருவள்ளூரில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனவர்தான். அதற்கப்புறம் நம் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தகட்டை எடுத்துக்கொண்டு குருக்களிடம் போனேன். நடந்ததைக் கேட்டவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோட்டுல ஒரு பிழையும் இல்லையே. எங்கேர்ந்து ஆரம்பிச்சேள்?" என்றார். ஓரத்திலிருந்துதான் சாமி, எங்கள் தொழிலில் அப்படித்தான் என்றேன். அவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வழியில குடும்பஸ்தனுக்குப் போடறச்சே நடுப் புள்ளியில ஆரம்பிச்சு வெளியில வருவோம். அது சிருஷ்டி. ஒண்ணு ரெண்டாறது, ரெண்டு பலவாறது. வெளியிலேர்ந்து உள்ளே போனா அது ஒடுக்கம். சந்நியாசிக்கு உண்டானது. ஒவ்வொண்ணா எல்லாத்தையும் விட்டுட்டுப் போறவாளுக்கு." வேலி, பின்கட்டு, சமையற்கட்டு, கூடம், கடைசியில் அவள். தண்ணீர் வந்த வரிசையும் நான் கோடு போட்ட வரிசையும் ஒன்றாக இருந்தது. நீங்கள் சொல்லவில்லையே சாமி என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். அவர் கண்ணிலும் பயம் இருந்தது. பதினேழு வீட்டுக்கும் பூஜை செய்தவர் அவர்தானே.

ஆனால் அதோடு அவர் விடவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். மனையை யாராவது பரிட்சை பண்ணினேளா?" என்றார். அப்படி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் விளக்கினார். வீட்டு மனையைக் கோடு கிழித்து எண்பத்தொரு கட்டமாகப் பிரிப்பது வாஸ்து மண்டலம். அதில் வாஸ்து புருஷன் ஈசானியத்தில் தலை வைத்துக் குப்புறப் படுத்திருக்கிறான். ஆனால் அந்தக் கோடுகளைப் போடுவதற்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு முழம் ஆழம் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாத மனை. குழியில் தண்ணீர் ஊற்றி எப்படி வடிகிறது என்று பார்க்க வேண்டும். "மண்ணு சரியில்லேன்னா கோடே போடப்படாது. யாகசாலையில போடற மண்டலத்தையும் காரியம் முடிஞ்சதும் ஸ்வாமியை அனுப்பிட்டுக் கலைச்சுடறோமே, ஏன்? கோடு ஸ்வாமியைக் கூப்பிடத்தான். சுவரைத் தாங்கறதுக்கு இல்லே. இதை ஜலத்துல விட்டுடுங்கோ" என்றார். அந்த ஏரியிலேயே கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் விடுமுறை நாளெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்றப் பதினாறு வீடுகளையும் தேடிப் போனேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டால் சங்க வேலை என்று சொல்வேன். வாசலுக்கு எதிரே நின்று, உள்ளே யாராவது நடமாடுகிறார்களா என்று திருடன் மாதிரி பார்ப்பேன். ஆவடியில் ஒரு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு. அதற்கு நாலு வீடு தள்ளி இன்னொரு தகடு, அங்கே இரண்டு பையன்களுக்கும் நல்ல வேலை, வீட்டுக்கு மேல் வீடு கட்டியிருந்தார்கள். வானகரத்தில் ஒரு பெரியவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காவி கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டாராம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தப்பு வரிசைதான் சரசாவைக் கொன்றதா, தூர்த்த வாய்க்காலும் ஏற்றாத கடைக்காலும் கொன்றனவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பகலில் மண்தான் காரணம் என்று தோன்றும். காய்ச்சல் வந்து படுத்தால் வரிசைதான் என்று தோன்றும். எதுவாக இருந்தாலும் உள்ளே போய் உட்கார் என்று சொன்ன வாய் என்னுடையது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது உன் மனைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மழை கொஞ்சம் விட்டிருந்தது. வானகரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டே நடந்தேன். நீ அனுப்பிய வரைபடத்தை வைத்து உன் மனையைக் கண்டுபிடித்தேன். வெள்ளையடித்த நாலு கல், முப்பதடி ரோடு, பெரிய பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறது. மனை முழுக்கக் கோரை. தண்ணீர் தேங்கும் மண்ணில்தான் கோரைப்புல் முளைக்கும் என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லை, நாற்று நட்ட உன் தாத்தா எனக்குச் சொல்லித் தந்தார். கடப்பாரையால் கிளறினால் மண்ணுக்குள் நத்தை ஓடு. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டினேன். ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ஊற்ற வேண்டிய வேலையே வரவில்லை. நான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைப்பதற்குள் குழியின் அடியிலிருந்து தண்ணீர் தானாக ஏறியது. கருப்பாக, சத்தமில்லாமல், பாதிக் குழி வரை ஏறி நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "இன்னா சார், கெணறு எடுக்கறியா?" என்று கேட்டாள். இல்லம்மா, என் பையன் இங்கே வீடு கட்டப் போகிறான் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டட்டும், கட்டட்டும். போன மழைக்கு இங்கதான் எங்க ஊட்டுக்காரரு வலை போட்டாரு. கெளுத்தி மீனு ஒரு கூடை" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

உன் அத்தை வீடு இருந்த இடத்தையும் தேடினேன். உன் மனையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இப்போது வேறு யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள், கொடியில் குழந்தைத் துணி காய்கிறது. வாய்க்கால் இருந்த தடமே இல்லை. உன் முப்பதடி ரோடுதான் அந்த வாய்க்கால். நீ பெங்களூரிலிருந்து ஒரு நாள் வந்து, வெயிலில் பார்த்து, கைகுலுக்கி வாங்கிவிட்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நல்ல வெயிலில் எந்த மனையும் நல்ல மனைதான். கொடுத்த பணம் போனால் போகட்டும், மனையை அப்படியே விடு, அதை யாருக்கும் விற்காதே, இன்னொருத்தன் தலையில் கட்டாதே. அம்பத்தூரில் நம் வீட்டுக்கு மேலே இரண்டு அறை எழுப்பிக்கொள்ளலாம். சின்னதுதான், மலருக்கு அம்மாவின் வாய் கொஞ்சம் இம்சையாகத்தான் இருக்கும். ஆனால் மேடான மண். இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்பா வயசாகிப்போய்ப் பயந்து சாகிறார், இரண்டடி ஏற்றிக் கட்டிவிட்டு ஒரு தகடும் வைத்துவிட்டால் சரியாகப் போயிற்று என்று நீ நினைக்கலாம். நான் உன் வயதில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் இருப்பேன்.

தகடு தரமாட்டேன் செல்வம். தப்பு வரிசையிலும் தரமாட்டேன். குருக்கள் சொன்ன சரியான வரிசை எனக்கு இப்போது தெரியும், அதிலும் தரமாட்டேன். காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது, நீ பார்த்தாயோ இல்லையோ. நீ கையெழுத்துப் போட்ட பிறகு, அடியில் இருந்த இடத்தில் மலர் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். "மாமா, இவர் பெங்களூரில் இருக்கும் நாட்களில் நானும் குழந்தையும் மட்டும்தான் அந்த வீட்டில் இருக்கவேண்டும். நீங்கள் போட்ட தகடு இருந்தால் எனக்குப் பயமே இருக்காது." உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன் என்றால் அந்த இரண்டு வரியை நாற்பது தடவை படித்திருப்பேன். எட்டு நாளாக எனக்குச் சோறு இறங்காமல் செய்தது அந்த இரண்டு வரிதான்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டு. சரசா வரும் இடத்தைப் படிக்காமல் விட்டுவிடாதே. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இதையெல்லாம் சொல்லலாமா, அவள் பயந்துபோக மாட்டாளா என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். சொல். மாமனார் சொல்லச் சொன்னார் என்றே சொல். அவளுக்குப் பயம் இருக்கட்டும். எந்த வீட்டில் இருந்தாலும், யார் உட்கார் என்று சொன்னாலும், தெருவில் தண்ணீரைப் பார்த்த உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு இருக்கட்டும்.

அப்பா